கைதானவருக்கு எந்த வக்கீல்? நகையை அடகு வைக்கும் முன் ஒரு கணக்கு

வீட்டில் ஒருவர் கைதாகிவிட்டால், அன்று இரவுக்குள் பெரும்பாலான குடும்பங்கள் இரண்டு காரியங்களைச் செய்துவிடுகின்றன. கையிலோ கழுத்திலோ இருப்பதை அடகு வைக்கின்றன. காவல் நிலைய வாசலில் யாரோ கைகாட்டிய வக்கீலிடம் அந்தப் பணத்தைக் கொடுத்து வக்காலத்தில் கையெழுத்துப் போடுகின்றன. அந்தப் பணம் தீர்ந்த பிறகும் வழக்கு பல வருடங்கள் நடக்கும் என்பதை அந்த இரவில் யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

தினக்கூலி, ஆட்டோ, வீட்டு வேலை, சிறு கடை என்று வாழ்கிற தமிழ்நாட்டுக் குடும்பம் ஒன்றில் ஒருவர் மீது கிரிமினல் வழக்கு வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்தக் குடும்பத்துக்காகவே இந்த ஒப்பீடு. வசதியுள்ளவர்களுக்கு இது தேவையில்லை.

அவர்கள் முன்னால் இருக்கும் வழிகள் நான்கு: கடன் வாங்கித் தனியார் வக்கீல் வைப்பது, இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் கீழ் முழுநேரம் வேலை செய்யும் பாதுகாப்பு ஆலோசகர்களிடம் போவது, அதே ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள, பேனல் வக்கீல் என்று சொல்லப்படும் வழக்கறிஞரைக் கேட்பது, தொண்டு அமைப்பு, சங்கம், கட்சி வழியாக வரும் வக்கீலை நம்புவது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் சில நாட்களுக்குக் காசு கொடுத்து யாரையும் வைக்க வேண்டாம். இலவச சட்ட உதவிக்கே போங்கள். பணம் செலவழித்தே தீர வேண்டும் என்றால், அதைச் சாட்சி விசாரணைக் கட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். நடைமுறையில் நடப்பது இதற்கு நேர்மாறு. ஜாமீனுக்கு எல்லாப் பணமும் போய்விடுகிறது. குறுக்கு விசாரணை நாளில் மூத்த வக்கீல் வருவதில்லை; ஜூனியர் எழுந்து வாய்தா கேட்கிறார். ஒரு கட்டத்துக்கு மேல் நீதிபதி வாய்தா தர மறுத்து, குறுக்கு விசாரணை இல்லை என்று பதிவு செய்துவிட்டு அடுத்த சாட்சிக்குப் போகிறார்.

சட்டம் தருவது தயவு அல்ல

இலவச சட்ட உதவியை ரேஷன் கடை இலவசம் போல நினைத்துக் கூச்சப்படுகிறவர்கள் நிறைய. அந்தக் கூச்சத்துக்கு இடமே இல்லை. அரசியலமைப்பின் 22(1) பிரிவு, கைதானவர் தனக்குப் பிடித்த வழக்கறிஞரை வைத்து வாதாடும் உரிமையைத் தருகிறது. பணம் இல்லாதவருக்கு அந்த வரி வெறும் காகிதம் என்பதால்தான் இலவச சட்ட உதவி தரச் சொல்லும் 39ஏ பிரிவை 1976-இல் சேர்த்தார்கள். 1979-இல் பீகார் சிறைகளில் வருடக்கணக்கில் விசாரணையின்றிக் கிடந்தவர்களைப் பற்றிய ஹுஸைனாரா காத்தூன் வழக்கில், ஏழைக்கு வக்கீல் தராத விசாரணை, உயிரையும் சுதந்திரத்தையும் காக்கும் 21-ஆவது பிரிவின்படி நியாயமான விசாரணையே ஆகாது என்றது உச்ச நீதிமன்றம்.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுபவை வேறு இரண்டு தீர்ப்புகள். பாகல்பூரில் கைதிகளின் கண்களைக் குருடாக்கிய கொடுமை பற்றிய கத்ரி வழக்கில், கைதிகள் கேட்கவில்லை, அதனால் வக்கீல் தரவில்லை என்று பதில் வந்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும், மாஜிஸ்திரேட் முன் முதன்முதலாக நிறுத்தப்படும் நேரத்திலிருந்தே வக்கீல் தர வேண்டும், அந்த உரிமை இருக்கிறது என்று மாஜிஸ்திரேட்டே எடுத்துச் சொல்ல வேண்டும் என்று 1980 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அடுத்தது 1986-இன் சுக் தாஸ் வழக்கு. அருணாசலப் பிரதேசத்தில் ஒரு உதவிப் பொறியாளரை மிரட்டியதாகக் குற்றச்சாட்டு. வக்கீல் இல்லாமலே விசாரணை. இரண்டு வருடச் சிறைத்தண்டனை. சட்ட உதவி உண்டு என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அந்த ஒரே காரணத்துக்காகத் தண்டனையை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

யாருக்குத் தகுதி உண்டு என்பதில்தான் குழப்பம் அதிகம். சட்டப்பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம், 1987-இன் 12-ஆவது பிரிவை ஒரு முறை படித்தால் குழப்பம் தீர்ந்துவிடும். காவலில் இருக்கும் எவருக்கும் வருமான வரம்பு கிடையாது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கும், சட்டம் சொல்லும் வேறு சில வகையினருக்கும் கிடையாது. மற்றவர்களுக்குத்தான் வருமானக் கணக்கு. தமிழ்நாட்டில் ஆண்டுக்கு ரூ.3 லட்சம். ஜாமீனில் வெளியே வந்துவிட்ட, இந்த வகைகளில் எதிலும் சேராத ஒருவர்தான் வருமானத்தைக் காட்ட வேண்டியிருக்கும். அதற்கும் பொதுவாக உறுதிமொழிப் பத்திரம் போதும். வருமானச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நாட்களைத் தொலைக்க வேண்டாம்.

முதல் 24 மணி நேரம்

கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். அது பகலில், கோர்ட்டில்தான் நடக்கும் என்றில்லை. இரவில் மாஜிஸ்திரேட் வீட்டு வாசலில்கூட ரிமாண்ட் நடக்கும். தனியார் வக்கீலைத் தேடிப் பேரம் பேசி முடிப்பதற்குள் இந்தக் கட்டம் கடந்துபோய்விடும். பேசி முடித்த பல வக்கீல்களும் ரிமாண்டுக்கு வருவதில்லை. எப்படியும் உள்ளேதான் அனுப்புவார்கள், நாளை ஜாமீன் மனு போட்டுக்கொள்ளலாம் என்பார்கள்.

ஆனால் ரிமாண்ட் நேரத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் உண்டு. ஏழு வருடம் வரையிலான தண்டனைக்குரிய குற்றமாக இருந்தால், நோட்டீஸ் கொடுத்து விசாரிக்காமல் எதற்காகக் கைது செய்தார்கள்? கைதுக்கான காரணத்தை அவரிடம் சொன்னார்களா? உறவினருக்குத் தகவல் போனதா? உடம்பில் காயம் இருக்கிறதா, இருந்தால் பதிவாயிற்றா? வயது உண்மையிலேயே பதினெட்டுக்கு மேல்தானா? இவற்றைக் கேட்கப் பெரிய சட்டப் புலமை வேண்டாம். அந்த இடத்தில் ஒரு வக்கீல் நின்றால் போதும். அதற்காகவே ஆணைக்குழு ரிமாண்ட் பணிக்கு வழக்கறிஞர்களை நியமிக்கிறது. 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கு அழைத்து, எந்தக் காவல் நிலையம், எப்போது அழைத்துப் போனார்கள் என்ற இரண்டையும் சொன்னால் வேலை தொடங்கும். மாஜிஸ்திரேட்டிடம், வக்கீல் வைக்க வசதியில்லை என்று கைதானவரே சொன்னாலும் போதும். இதைச் சொல்லச் சொல்லி அவருக்குத் தகவல் அனுப்ப முடிந்தால் அதுவே பெரிய உதவி.

இன்னொரு விஷயம். ஜாமீனில் விடத்தக்க குற்றம் என்று ஒரு வகை உண்டு; சாதாரணக் காயம் ஏற்படுத்தியது போன்றவை. இவற்றில் ஜாமீன் உரிமை. காவல் நிலையத்திலேயே கொடுக்கலாம். இதற்குப் போய் ஆயிரக்கணக்கில் கட்டணம் கொடுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் தகவல் அறிக்கையில் என்ன பிரிவு போட்டிருக்கிறார்கள் என்று கேட்ட பிறகே பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.

கடன் வாங்கி வைக்கும் தனியார் வக்கீல்

இவருடைய பெரிய பலம், நீங்கள் தேர்ந்தெடுத்தவர் என்பது. பிடிக்காவிட்டால் மாற்றலாம். வழக்கின் போக்கைப் பற்றி உட்கார்ந்து பேசலாம். உங்கள் ஊர்க் கோர்ட்டில் இருபது வருடம் கிரிமினல் வழக்கு நடத்தியவராக இருந்தால், சம்பவ இடத்தையும் கைப்பற்றிய பொருளையும் பதிவு செய்யும் மகஜரை எந்த ஆய்வாளர் எப்படி எழுதுவார் என்பதுவரை அவருக்குத் தெரிந்திருக்கும். அந்த அனுபவத்துக்கு விலை உண்டு என்பதை நான் மறுக்கவில்லை.

ஆனால் ஏழைக் குடும்பம் கொடுக்கும் பணத்துக்கு அந்த இருபது வருட அனுபவம் முழுவதும் வருவதில்லை. அந்தப் பெயர் வக்காலத்தில் இருக்கும்; கோர்ட்டில் நிற்பவர் அவருடைய ஜூனியராக இருப்பார். ஜாமீன் மனுவுக்கு ஒரு தொகை, தள்ளுபடியானால் செஷன்ஸ் கோர்ட்டுக்கு இன்னொரு தொகை, உயர் நீதிமன்றத்துக்கு வேறொரு தொகை, ஜாமீன்தாரர் பத்திரங்களுக்குத் தனி, டைப்பிங் செலவு தனி, குமாஸ்தாவுக்குத் தனி. ஜாமீன் நிபந்தனையைத் தளர்த்துவதற்கும் ஒரு மனு, அதற்கும் ஒரு தொகை. இதில் மோசடி எதுவும் இல்லை. தொழில் அப்படித்தான் நடக்கிறது. முழுத் தொகை எவ்வளவு என்று முதல் நாளே கேட்காததுதான் குடும்பத்தின் சிக்கல்.

கேட்க வேண்டியவை இவை: ஜாமீனுக்கு மட்டுமா, விசாரணை முடியும்வரையா? குறுக்கு விசாரணையை நீங்களே செய்வீர்களா? பணம் தாமதமானால் என்ன செய்வீர்கள்? கேட்டால் கோபப்படுகிற வக்கீலை விட்டுவிடலாம். ஜாமீன் உறுதி என்று சொல்கிறவரையும் விட்டுவிடலாம். நீதிபதியின் முடிவை யாராலும் விற்க முடியாது. வெற்றி பெற்றால் இவ்வளவு என்று பேசுவதைத் தொழில் விதிகளே தடுக்கின்றன. காவல் நிலைய வாசலில் ஆள் பிடித்துத் தரும் தரகர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவர்களுக்குப் போகும் பங்கும் உங்கள் பணம்தான்.

பணம் நின்றுபோனால் என்ன ஆகிறது என்பதுதான் இந்த வழியில் எனக்குள்ள பெரிய பயம். வக்கீல் வருவதைக் குறைத்துக்கொள்வார். வக்காலத்தை மட்டும் திருப்பித் தரமாட்டார். அவர் பெயர் கோர்ட் கட்டில் இருக்கும்வரை, குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு வக்கீல் இருப்பதாகவே கணக்கு. சட்ட உதவி வக்கீல் உள்ளே வர முடியாது. வழக்குக் கட்டைக் கேட்டால் பாக்கிக் கட்டணத்தைக் கட்டு என்பார்கள். இங்கே ஒரு தீர்ப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்.டி. சக்சேனா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம், கட்டணப் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமை இல்லை என்று சொல்லியிருக்கிறது. பாக்கி என்பது தனியாக வசூலிக்க வேண்டிய கடன், கட்டு கட்சிக்காரருடையது.

முழுநேரப் பாதுகாப்பு ஆலோசகர்

அரசு சம்பளம் வாங்குகிற வக்கீல் போலீசுக்கு எதிராகப் பேசுவாரா? இந்தச் சந்தேகத்தைக் கேட்காத குடும்பம் இல்லை. நியாயமான கேள்வி. நீதிபதிக்கும் அரசுதான் சம்பளம் தருகிறது என்று நான் பதில் சொல்வதுண்டு. அது வாயை அடைக்கும், மனதை மாற்றாது. அவர்கள் எப்படி இயங்குகிறார்கள் என்று பார்ப்பதுதான் சரியான பதில்.

தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு சில மாவட்டங்களில் சோதனையாகத் தொடங்கி, 2022-இல் திருத்திய திட்டமாக நாடெங்கும் விரித்த ஏற்பாடு இது. மாவட்டத்துக்கு ஓர் அலுவலகம். அதில் தலைமை ஆலோசகர், துணைத் தலைமை ஆலோசகர்கள், உதவி ஆலோசகர்கள். தலைமை ஆலோசகருக்குக் குறைந்தது பத்து வருடக் கிரிமினல் அனுபவம் வேண்டும். மாதாமாதம் தொகுப்பூதியம், தனியாக வழக்கு எடுக்கக் கூடாது. ரிமாண்டிலிருந்து ஜாமீன், விசாரணை, மேல்முறையீடுவரை குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பை மட்டுமே நடத்துவார்கள். இவர்களும் அரசு வழக்கறிஞரும் வேறு வேறு. அரசு வழக்கறிஞர் அரசுத் தரப்பில் நிற்பவர், கூண்டின் எதிர்ப்பக்கம். ஆணைக்குழுவின் தலைவர் மாவட்ட நீதிபதி. அது காவல்துறையின் கீழ் இல்லை.

வாய்தா எண்ணிக்கைக்கும் இவர்களின் வருமானத்துக்கும் தொடர்பு இல்லை என்பது பெரிய வசதி. வழக்கை இழுத்தாலும் அதே பணம், முடித்தாலும் அதே பணம். கட்டுகள் அலுவலகத்தில் இருப்பதால் ஒருவர் போனாலும் அடுத்தவர் எடுத்து நடத்தலாம். சிறைக்குப் போய்க் கைதியைப் பார்ப்பதும் வேலையின் ஒரு பகுதி.

குறையும் அதே இடத்தில்தான் பிறக்கிறது. சில வக்கீல்கள், மாவட்டம் முழுவதும் வழக்குகள். நாட்டின் சிறைகளில் 2022 முடிவில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள், முக்கால் பங்கு. இவர்களில் வசதியுள்ளவர்கள் எத்தனை பேர் இருந்துவிட முடியும்? அமெரிக்காவில் இதே மாதிரி அமைப்பு பல பத்தாண்டுகளாக இருக்கிறது. ஒருவர் தலையில் நூற்றுக்கணக்கான வழக்குகள் விழுவதாக அங்கேயும் ஓயாத புகார். உங்கள் வழக்கு அந்த மேசையில் அடியில் போய்விடாமல் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் வேலை. வாய்தாவுக்கு இரண்டு நாள் முன்னால் அலுவலகத்தில் தலையைக் காட்டுங்கள். சம்பவத்தன்று அவர் வேறிடத்தில் இருந்தார் என்றால் அதற்கான வருகைப் பதிவேடு, பஸ் டிக்கெட், கேமரா பதிவு எதுவோ அதைத் தேடிக் கொடுங்கள். கேமரா பதிவுகள் சில வாரங்களில் அழிந்துவிடும். எந்த வக்கீலானாலும் அதைத் தேடி அலையப் போவது நீங்கள்தான்.

அமெரிக்கா என்றதும் கிடியன் வழக்கைச் சொல்லாமல் போக முடியவில்லை. 1961-இல் புளோரிடாவில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தில் திருடியதாகக் கைதான கிளாரன்ஸ் எர்ல் கிடியன் வக்கீல் கேட்டார், மறுத்தார்கள், தானே வாதாடித் தோற்றார். சிறையிலிருந்து பென்சிலால் எழுதிய மனு உச்ச நீதிமன்றம் போனது. அங்கே அவருக்காக வாதாடியவர் ஏப் ஃபோர்ட்டஸ் என்ற புகழ்பெற்ற வக்கீல். 1963-இல் உரிமையை வென்று கொடுத்தார். மறுவிசாரணைக்கு மியாமியிலிருந்து வந்த வக்கீல்களை கிடியன் வேண்டாம் என்றார். உள்ளூர் வக்கீல் ஃபிரெட் டர்னரைக் கேட்டு வாங்கினார். டர்னருக்கு ஊரும் தெரியும், முக்கியச் சாட்சியையும் தெரியும். குறுக்கு விசாரணையில் அந்தச் சாட்சி நிலைகுலைந்தார், கிடியன் விடுதலையானார். அரசியல் சட்டக் கேள்விக்கு ஃபோர்ட்டஸ் தேவைப்பட்டார். திருட்டு வழக்கில் ஜெயிக்க, சாட்சியை நேரில் போய் விசாரித்துத் தெரிந்துகொண்ட உள்ளூர்க்காரர் தேவைப்பட்டார். வக்கீலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பதும் இதைத்தான்.

பேனல் வக்கீலும் அமைப்பு வக்கீலும்

பேனல் வக்கீல்கள் தனித்தொழில் நடத்திக்கொண்டே ஆணைக்குழு ஒதுக்கும் வழக்குகளையும் எடுப்பவர்கள். வழக்குக்குத் தரப்படும் மதிப்பூதியம் குறைவு, அது வந்து சேரவும் நாளாகும். அதனால் தரம் ஆளைப் பொறுத்தது. ஊரறிந்த கிரிமினல் வக்கீல் ஒருவர் மனசாட்சிக்காகப் பட்டியலில் இருப்பார். நேற்று பதிவு செய்த புதியவரும் அதே பட்டியலில் இருப்பார். பட்டியலிலிருந்து இன்னார் வேண்டும் என்று கேட்கலாம். ஆணைக்குழுவின் செயலாளர் பரிசீலித்து ஒதுக்கலாம். யாரும் கேட்பதில்லை. விசாரித்து, பெயர் சொல்லிக் கேளுங்கள்.

சில இடங்களில் பேனல் வக்கீல்தான் சரியான தேர்வு. ஒரே வழக்கில் மூன்று பேர் குற்றம் சாட்டப்பட்டிருக்கிறார்கள். நான் இல்லை, அவன்தான் என்று ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார். மூவருக்கும் ஒரே அலுவலகத்து ஆலோசகர்கள் வாதாடினால் யாராவது ஒருவர் பலியாவார். உங்கள் வீட்டுப் பையன் கூட்டத்தில் நின்றவன் மட்டும் என்றால், முதல் எதிரியின், அதாவது வழக்கில் முதலாவதாகக் குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீலோடு அவனைச் சேர்த்துவிடாதீர்கள். முதல் எதிரியின் குடும்பமே எல்லோருக்கும் சேர்த்துச் செலவு செய்கிறோம் என்று சொன்னாலும் சேர்க்காதீர்கள். அப்படிச் சொன்னால் இன்னும் கவனமாக இருங்கள்.

சட்ட உதவி வக்கீல் யாராக இருந்தாலும் உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. செலவுக்கு என்று கேட்டால் செயலாளரிடம் எழுத்தில் புகார் கொடுத்து வேறு வக்கீல் கேட்கலாம்.

அமைப்புகளின் வக்கீல்களைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்ல முடியும். மனித உரிமை அமைப்புகள், தொழிற்சங்கங்கள், தலித் அமைப்புகள் ஆகியவற்றின் வக்கீல்களில் மிகச் சிறந்தவர்கள் இருக்கிறார்கள். காவல் சித்திரவதை, போராட்ட வழக்கு, சாதி மோதல் வழக்கு ஆகியவற்றில் அவர்களைவிடத் தெரிந்தவர்கள் கிடைப்பது அரிது. சாதாரணத் திருட்டு வழக்குக்கு அவர்களால் வர இயலாது, ஆள் போதாது. அரசியல் கட்சி அனுப்பும் வக்கீலுக்குக் கட்சியின் தேவை முதலில், உங்கள் தேவை பிறகு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

வழக்குக்கு ஏற்ற முடிவு

அடிதடி, சிறு திருட்டு, குடிபோதைத் தகராறு போன்றவற்றில் கடைசிவரை பாதுகாப்பு ஆலோசகரே போதும். இதில் கடன் வாங்குவது வீண்.

ஜாமீன் கிடைக்காமல் உள்ளே இருப்பவருக்குக் கெடு ஜாமீன் என்று ஒன்று உண்டு. பத்து வருடமோ அதற்கு மேலோ, ஆயுளோ, மரணமோ தண்டனையாகக்கூடிய குற்றங்களில் 90 நாள், மற்றவற்றில் 60 நாள். அதற்குள் குற்றப்பத்திரிகை வராவிட்டால் ஜாமீன் உரிமையாகிவிடும். ஆனால் குற்றப்பத்திரிகை வருவதற்கு முன் மனு செய்துவிட வேண்டும். ஒரு நாள் தவறினாலும் கதவு மூடிவிடும். இதற்குத் தேவை பெரிய வாதத்திறமை அல்ல. ரிமாண்ட் தேதியிலிருந்து நாட்களை எண்ணுகிற ஒருவர். குடும்பமே நாட்காட்டியில் குறித்து, 58-ஆவது நாளோ 88-ஆவது நாளோ அலுவலக வாசலில் போய் நிற்கலாம்.

கொலை, ஆயுள் தண்டனை வரக்கூடிய வழக்குகள் வேறு. இலவசம் என்பதற்காகக் கிடைத்தவரை ஏற்காதீர்கள். மத்தியப் பிரதேசத்தில் அனோகிலால் என்பவருக்கு 2013-இல் சட்ட உதவி வக்கீலை நியமித்த அதே நாளில் குற்றச்சாட்டு வனைந்தார்கள். இரண்டு வாரத்துக்குள் மரண தண்டனை. 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ வரக்கூடிய வழக்குகளில் குறைந்தது பத்து வருட அனுபவமுள்ளவரைத்தான் நியமிக்க வேண்டும், தயாராக நேரம் தர வேண்டும் என்றது. எனவே தலைமை ஆலோசகரோ, அந்தத் தகுதியுள்ளவரோ வேண்டும் என்று கேட்பது சலுகை அல்ல. அப்படிக் கேட்டும் சரியானவர் கிடைக்கவில்லை, கையில் கொஞ்சம் பணமும் இருக்கிறது என்றால், கடன் வாங்குவதில் அர்த்தமுள்ள இடம் இது ஒன்றுதான். அப்போதும் ஜாமீனுக்கு அல்ல. நேரில் பார்த்த சாட்சிகளையும் விசாரணை அதிகாரியையும் குறுக்கு விசாரணை செய்வதற்கு.

கஞ்சா வழக்கில் எடைதான் முதல் கேள்வி. ஒரு கிலோவரை சிறிய அளவு. 20 கிலோவுக்கு மேல் வணிக அளவு. வணிக அளவு என்றால் ஜாமீன் மிகக் கடினம், கெடுவும் 180 நாள். சோதனை, மாதிரி எடுத்தல், முத்திரை என்று நடைமுறைப் பிழைகளில்தான் இந்த வழக்குகள் உடையும். அந்தச் சிறப்பு நீதிமன்றத்தில் தொடர்ந்து வழக்கு நடத்துகிறவரைத் தேட வேண்டும். அவர் பேனலில் இருந்தால் நல்லது.

குண்டர் சட்டம் போட்டுவிட்டால் கணக்கு முழுவதும் மாறிவிடும். தமிழ்நாட்டின் 1982-ஆம் வருட 14-ஆவது சட்டப்படி பன்னிரண்டு மாதம்வரை தடுப்புக்காவல். அந்தக் காவல் சரியா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்துப் பேச உரிமையே இல்லை. உண்மையான போராட்டம் சென்னையிலோ மதுரையிலோ உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுவில்தான். தாமதம், புரியும் மொழியில் நகல் தராதது, மனுவை உரிய காலத்தில் பரிசீலிக்காதது என்று அந்த ஆணைகள் விழும் காரணங்கள் பழகியவை. அதில் தேர்ந்த வக்கீல்களும் உண்டு. கைதி காவலில் இருப்பதால் உயர் நீதிமன்றச் சட்டப்பணிகள் குழுவிடம் இலவசமாகவே மனு செய்யலாம். மாவட்டக் கோர்ட் வக்கீலுக்கு இதற்காகத் தனியாகப் பணம் கொடுத்து, அவர் சென்னையில் இன்னொருவருக்குக் கொடுத்து, நடுவில் மாதங்கள் போவதைவிட இது மேல்.

மிச்சமாகும் பணம் எங்கே போக வேண்டும்

ஜாமீன் உத்தரவு வந்த பிறகும் வெளியே வர முடியாமல் கிடக்கிறவர்கள் உண்டு. இரு நபர் ஜாமீன், வீட்டு வரி ரசீது, தினமும் காவல் நிலையத்தில் கையெழுத்து என்ற நிபந்தனைகளை வாடகை வீட்டுக்காரர் எப்படி நிறைவேற்றுவார்? வெளியூரில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தால் பஸ் கட்டணமும் போகும், அன்றைய கூலியும் போகும். வக்கீலுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த பணம் இங்கே உதவும். அதுவும் இல்லையென்றால் இரண்டு வழிகள் உண்டு. ஜாமீன் கிடைத்து ஏழு நாளில் வெளியே வராதவரைப் பற்றிச் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு மாதம் ஆகிவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவது பற்றி நீதிமன்றமே யோசிக்கலாம். ஏழைக் கைதிகளுக்கான மத்திய அரசின் திட்டத்தில் விசாரணைக் கைதியின் ஜாமீன் தொகைக்கும், தண்டனைக் கைதியின் அபராதத்துக்கும் ஒரு வரம்புவரை பணம் கிடைக்கும். போதைப்பொருள், ஊழல், பணமோசடி போன்ற சில சட்டங்களின் கீழ் உள்ளவர்களுக்கு இல்லை. இரண்டுக்கும் ஆணைக்குழுவின் அலுவலகமே வாசல்.

ஏற்கெனவே தனியார் வக்கீல் வைத்து, பணம் தீர்ந்து, பாதி விசாரணையில் நிற்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். வக்காலத்தை மாற்றச் சம்மதம் கேளுங்கள். தராவிட்டால், எனக்காக யாரும் வருவதில்லை, சட்ட உதவி வேண்டும் என்று அடுத்த வாய்தாவில் நீதிபதியிடம் கைதானவரே சொல்லட்டும், எழுதியும் கொடுக்கட்டும். புதிய வக்கீல் வந்ததும் முதல் வேலை, குறுக்கு விசாரணை இல்லாமல் போய்விட்ட சாட்சிகளை மீண்டும் அழைக்கும் மனு. அதைத் தாமதித்தால் நீதிமன்றம் ஏற்பது கடினமாகிக்கொண்டே போகும்.

தண்டனை வந்துவிட்டால் மாஜிஸ்திரேட் கோர்ட் தீர்ப்புக்கு எதிராகச் செஷன்ஸ் கோர்ட்டில் முறையிட 30 நாள். செஷன்ஸ் தீர்ப்புக்கு எதிராக உயர் நீதிமன்றத்தில் முறையிட 60 நாள், மரண தண்டனை என்றால் 30 நாள். சிறையிலிருந்தே கண்காணிப்பாளர் வழியாக மேல்முறையீட்டு மனு அனுப்பலாம். தீர்ப்பு நகல் இலவசம். விசாரணையை நடத்தியவர் இலவச வக்கீலா தனியார் வக்கீலா என்பது இங்கே பொருட்டில்லை; காவலில் இருப்பவர் புதிதாகச் சட்ட உதவி கேட்கலாம்.